காமன் எரிவானா மாட்டானா: முன்பின் தெரியாதவர்களோடு கதையாட்டம் நடத்துவது

கதையாட்டம் நடத்துகிறேன் என்று ஹட்டனில் யாரிடமாவது சொன்னால் மூன்று கேள்விகளில் ஒன்று வரும். நாடகமா? கம்பியூட்டர் கேமா? மேசையில் கிடக்கும் பகடையைப் பார்த்துவிட்டவர் என்றால், சூதா? எங்கள் அப்பாயி மூன்றாவது கட்சி. "பாஞ்சாலிய வச்சுத் தோத்த கதை தெரியும்ல?" என்று கேட்டுவிட்டு, பகடை டின்னை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

இந்த மூன்றும் இல்லை என்று விளக்குவது சுலபம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக முடிவெடுத்து, பேச்சிலேயே கதையை நகர்த்தும் விளையாட்டு இது. மனப்பாடம் செய்த வசனம் இல்லை, திரை இல்லை, பணயம் இல்லை. நான்காவது ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அதை விளக்குவதுதான் கஷ்டம், ஏனென்றால் இந்த விளையாட்டைப் பற்றி நன்றாகக் கேள்விப்பட்டவர்களிடமும், நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடமும்தான் அது இருக்கிறது. நடத்துகிறவர் முதலில் ஒரு கதையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் நடந்து போக வேண்டும் என்ற எண்ணம். வீட்டில் கூட்டாளிகளோடு ஆடும்போது இதனால் பெரிய நஷ்டம் வராது. ஒரு மண்டபத்தில் முன்பின் தெரியாத ஐந்து பேரோடு நான்கு மணி நேரத்துக்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்றாலோ, ஒன்லைனில் முகம் தெரியாமல் ஆட வேண்டும் என்றாலோ, அது ஆளைக் கவிழ்த்துவிடும். என்னைக் கவிழ்த்தது.

## கூத்திலிருந்து ஆரம்பிப்போம்

மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ரதியும் மதனும் வேடம் கட்டி லயம் லயமாக வருவார்கள். தப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள். கடைசியில் காமன் எரிவான். போன வருஷமும் எரிந்தான், அடுத்த வருஷமும் எரிவான். தெரிந்த முடிவை நோக்கிப் போவதுதான் கூத்தின் அழகு.

இப்போது ரதியாக நிற்பவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்போம். "உன் புருஷன் சிவனுடைய தவத்தைக் கலைக்கக் கிளம்பிவிட்டான். நீ என்ன செய்யப்போகிறாய்?" அழலாம். தடுக்கலாம். தானே முந்திப் போய்ச் சிவனிடம் பேசலாம். "அவருடைய கரும்பு வில்லை எடுத்து ஒளித்து வைக்கிறேன்" என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மதன் பார்க்காமல் ஒளிக்க முடியுமா? அங்கே இருக்கும் யாருக்கும் தெரியாது. பகடையை உருட்டுகிறோம். காமன் எரிவானா மாட்டானா என்பது அந்த நிமிஷத்தில் சிவனுக்கே தெரியாது. (காமன் எரிந்தான், எரியவில்லை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடும் வழக்கம் தஞ்சாவூர்ப் பக்கம் உண்டு. கதையாட்டம் ஆடுகிறவர்கள் எரியாத கட்சிக்கும் இடம் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள்.)

கதையாட்டம் என்பது இவ்வளவுதான். ரதியாக முடிவெடுப்பவர் ஆட்டக்காரர். ரதி அவருடைய பாத்திரம். சிவன், காட்டுப் பாதை, மழை, வழியில் வருகிற கிழவன் என்று மீதி எல்லாவற்றுக்கும் வாய் கொடுப்பவர் நடத்துநர். பஸ் நடத்துநர் இல்லைதான். ஆனாலும் எல்லோருக்கும் இடம் பார்த்துக் கொடுத்து, நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும் வேலை இவருக்கும் உண்டு.

இந்த வகையில் அச்சாகி வந்த முதல் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1968-இல், விஸ்கான்சினில் கைகாக்ஸின் ஊரான லேக் ஜெனீவாவில் ஜென் கொன் என்ற விளையாட்டுக் கூடல் ஆரம்பமாகிவிட்டது. அது இன்றும் நடக்கிறது, இப்போது இண்டியானாபொலிஸில். ஆக, வீட்டு மேசையில் வாரா வாரம் ஆடுவது எவ்வளவு பழையதோ, கூடலில் அந்நியர்களோடு ஒரே தடவை ஆடுவதும் கிட்டத்தட்ட அவ்வளவு பழையது. முதலாவதைத் தொடர் ஆட்டம் என்றும் இரண்டாவதை ஓரமர்வு ஆட்டம் என்றும் இங்கே சொல்கிறேன். பெயரைத் தவிர இரண்டுக்கும் தயாரிப்பிலும் நிறைய வித்தியாசம்.

## பகடைக்கு என்ன வேலை

முடிவு நமக்கும் தெரியாது, எதிரில் இருப்பவருக்கும் தெரியாது என்ற இடத்தில் மட்டும் பகடை வரும். அப்படி உருட்டுவதைச் சோதனை என்கிறோம். தாண்ட வேண்டிய எண் இலக்கு. இலக்கு 15, கையில் இருபது முகப் பகடை என்றால் 15 முதல் 20 வரை ஆறு முகங்கள் வெற்றி. நூற்றுக்கு 30. பாத்திரத்துக்கு அந்த வேலையில் பழக்கம் இருக்கிறது என்று 5 கூட்டிக்கொண்டால், 10 விழுந்தாலே போதும். பதினொரு முகம், நூற்றுக்கு 55.

இருபது முகப் பகடைக்கு ஹட்டன் கடைகளில் அலைந்து பிரயோசனம் இல்லை. லூடோ பெட்டியில் இருக்கும் சாதாரணப் பகடை இரண்டு போதும். அதற்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகள் உண்டு, எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும். இரண்டையும் உருட்டினால் 36 விதமாக விழலாம். 6 அல்லது அதற்குக் கீழே விழ 15 வழி. 7 முதல் 9 வரை 15 வழி. 10-உம் அதற்கு மேலும் 6 வழி. 10 வந்தால் முழு வெற்றி, 6 வந்தால் சிக்கல். நடுவில் வந்தால் நினைத்தது நடக்கும், கூடவே ஒரு விலையும் கொடுக்க வேண்டும். வில்லை ஒளித்துவிட்டாய், ஆனால் மதனின் தோழன் பார்த்துவிட்டான். இந்த நடு வெற்றி ஓரமர்வு ஆட்டத்துக்குப் பெரிய வரம். ஒவ்வொரு உருட்டலும் கதையை எங்கேயாவது தள்ளிக்கொண்டு போகும். "ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த ஆள்" என்று சும்மா போகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். தோற்றால் ஆட்டமே நின்றுவிடும் என்ற இடத்தில் பகடை உருட்டச் சொல்லாதீர்கள். முக்கியமான கடிதம் பூட்டிய அறைக்குள் இருக்கிறது, பூட்டைத் திறக்கச் சோதனை, பகடையில் 3. இப்போது என்ன செய்வீர்கள்? பூட்டு திறக்கட்டும். திறக்கும் சத்தம் யாருக்குக் கேட்டது என்பதற்கு உருட்டுங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆட்டக்காரர்கள் முடிவெடுக்கிறார்கள், நடத்துநர் உலகத்துக்காகப் பேசுகிறார், இருவருக்கும் தெரியாததைப் பகடை சொல்கிறது. இதில் கதையை முன்கூட்டி எழுத யாருக்கும் இடமே இல்லை.

## என் பதினாறு பக்கம்

இது புரியாமல்தான் நான் முதல் தடவை மண்டபத்தில் நடத்தப் போனேன். கையில் பதினாறு பக்கம். பதுளைக்குப் போகிற இரவு மெயில் கோச்சி மண்சரிவால் ஒஹியா ஸ்டேஷனில் நின்றுவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் சொந்தக்காரர் இல்லாத ஒரு தகரப் பெட்டி. பயணிகள் அதைத் திறப்பார்கள், ரகசியம் வெளிப்படும், துரத்தல் நடக்கும், விடியும்போது எல்லாம் தீரும். வசனம்கூட எழுதி வைத்திருந்தேன்.

முதல் ஒரு மணி இருபது நிமிஷம் ஐந்து பேரும் பாத்திரம் உருவாக்குவதிலேயே போயிற்று. அப்புறம் ஆட்டம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, புடவை வியாபாரியாக ஆடிய பையன் சொன்னான்:

"அண்ணே, நான் பெட்டியத் தொடல. கோச்சிய விட்டு எறங்கி தண்டவாளத்துல நடந்து போறேன்."

"வெளியில பெரிய மழை தம்பி."

"தோட்டத்துல பொறந்தவனுக்கு மழையா அண்ணே?"

மேசையே சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. தண்டவாளத்தில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. சுரங்கத்தை அடைத்து மண், பாதையெங்கும் சகதி, கோச்சி கார்ட் விடமாட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவனைத் திரும்ப ஏற்றினேன். அதற்குப் பிறகு அவன் ஒன்றுமே கேட்கவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் "சரி அண்ணே" என்றான். அந்த "சரி"தான் இன்றைக்கும் உறுத்துகிறது. நான்கு மணி நேரம் முடியும்போது ஐந்தாம் பக்கத்தில் நின்றோம்.

## நிலவரத்தை எழுதுங்கள்

கதை என்பது அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. நிலவரம் என்பது இப்போது என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றியது. பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு குடும்பம் முறைத்துக்கொண்டு நிற்பது நிலவரம். அங்கே எதுவும் நடக்கலாம், ஆனால் கட்டாயம் ஏதாவது நடக்கும். நடத்துநர் தயார் செய்ய வேண்டியது அந்த வாசலை.

அதே கோச்சியை இப்போது ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன். முன்னால் போன சரக்கு வண்டி ஒஹியாவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் நடுவில் தடம் புரண்டிருக்கிறது (மண்சரிவை ஏன் நீக்கினேன் என்று பின்னால் சொல்கிறேன்). பாதை சரியாக விடிந்துவிடும். தகரப் பெட்டிக்குள் ஒரு தோட்டத்தின் பழைய செக்ரோல் புத்தகங்கள்: யார் யார் எத்தனை வருஷம் அங்கே பேர் போட்டு வேலை செய்தார்கள் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவருக்கு அது யார் கையிலும் கிடைக்கக் கூடாது. ஹப்புத்தளையில் இறங்க வேண்டிய ஒரு கிழவிக்கு அதிலிருந்து ஒரே ஒரு பக்கம் வேண்டும். கார்டுக்குத் தன் வண்டியில் கலவரம் வேண்டாம், அவ்வளவுதான். யாரும் எதுவும் செய்யாவிட்டால் விடியும்போது கணக்கப்பிள்ளை பெட்டியோடு இறங்கிவிடுவார்.

கடைசி வரியைக் கவனியுங்கள். ஆட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் உலகம் நகர்கிறது. இதற்கு நான் ஒரு கடிகாரம் வரைகிறேன். கடிகாரம் என்றால் தாளில் ஒரு வட்டம், ரொட்டியை வெட்டுகிற மாதிரி ஆறு துண்டு. அவர்கள் தயங்கும்போதும் பகடை சொதப்பும்போதும் ஒரு துண்டைக் கறுப்பாக்குவேன். ஆறும் கறுத்தால் விடிந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் அதை வைக்க வேண்டும். நான்காவது துண்டைக் கறுப்பாக்கும்போது மேசை தானாகவே முன்னால் சாயும்.

இப்போது அந்தப் பையன் இறங்கி நடந்தால்? நடக்கட்டும். தண்டவாளத்தில் கையில் அரிக்கன் லாம்போடு கார்ட் வருவார், அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஸ்டேஷன் வரை போனால் அங்கே கணக்கப்பிள்ளையின் ஆள் காத்திருப்பான். ஒரு வசனம் எழுதவில்லை, ஆனாலும் பேச ஆள் இருக்கிறது.

பாத்திரங்களையும் நானே செய்து கொண்டுபோகிறேன். இவற்றைத் தயார்ப் பாத்திரம் என்போம். தோட்டத்து மருத்துவிச்சி, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், உயர்தரம் படிக்கும் மாணவி, புடவை வியாபாரி, கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் திரும்பும் பையன். ஒவ்வொருவருக்கும் அரைத் தாள். எதில் கெட்டிக்காரர், இன்றிரவு என்ன வேண்டும், மேசையில் இருக்கும் இன்னொருவரோடு என்ன சம்பந்தம். மூன்றாவதுதான் உயிர். மருத்துவிச்சி பார்த்த பிரசவத்தில் பிறந்தவன் அந்தக் கடைப் பையன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியிலிருந்து ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்டம் முளைத்திருக்கிறது.

## நான்கு மணி நேரம் உண்மையில் எவ்வளவு

கூடல்களில் ஒரு மேசைக்குப் பெரும்பாலும் நான்கு மணி நேரம் கொடுப்பார்கள். 240 நிமிஷம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஆள் சேர 15. பெயர் சொல்லி, பாத்திரம் தேர்ந்து, விதி கேட்க 20. பிளேன்டிக்கு 15. முடிவுக்கு 20. தேவையில்லாத அரட்டைக்கு 10, அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. மிச்சம் 160. ஒரு காட்சி, அதாவது ஓர் இடத்தில் ஒரு பிரச்சினை முளைத்து ஏதோ ஒரு பக்கம் சாய்கிற வரை, எனக்குச் சுமார் 25 நிமிஷம் எடுக்கிறது. ஆக ஆறு காட்சி. பதினாறு பக்கம் எங்கே, ஆறு காட்சி எங்கே.

விதி சொல்வதை நீட்டாதீர்கள். "இரண்டு பகடை, 10 வந்தால் நல்லது, 7 வந்தால் விலை உண்டு, மற்றதை வரும்போது சொல்கிறேன்" என்று ஆரம்பித்துவிடலாம். முதல் காட்சியிலேயே எல்லோரும் ஒரு தடவையாவது உருட்டும்படி பார்த்துக்கொண்டால் விதி கைக்கு வந்துவிடும்.

விதிகளைத் தமிழில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் விடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம்.

## மண்சரிவை ஏன் நீக்கினேன்

நண்பர்களோடு ஆடும்போது யாருக்கு எது வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்நியர்களோடு ஆடும்போது தெரியாது. இதற்காக ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் என்ற அமெரிக்கர் எளிமையான ஒரு வழி செய்தார்: மேசை நடுவில் ஓர் அட்டை, அதில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. எக்ஸ் கார்ட் என்பார்கள். நடப்பது யாருக்காவது பொறுக்கவில்லை என்றால் அட்டையைத் தொட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டாம். நடத்துநர் அந்த விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

வெள்ளைக்காரனுக்கு வேண்டியது, நமக்கு எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். பெயருக்கு அட்டையை வைத்துவிட்டு, இரண்டாவது தடவையும் மண்சரிவோடுதான் ஆரம்பித்தேன். இருட்டில் மலை இரைகிற சத்தத்தை நன்றாகவே வர்ணித்தேன் என்று நினைப்பு. மாணவியாக ஆடியவர், ஹல்துமுல்லைப் பக்கத்துக்காரர், பகடையைக் கீழே வைத்தார். விரலை அட்டையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

கொஸ்லந்தை மீரியாபெத்த என் நினைவுக்கு வர ஒரு நொடி எடுத்தது. 2014 ஒக்டோபர் 29. காலையில் லயங்களின் மேலேயே மலை இறங்கிய தோட்டம். அவருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை, இன்று வரை தெரியாது. "சரி, மண்சரிவு இல்லை. முன்னால் போன சரக்கு வண்டி தடம் புரண்டிருக்கிறது. கார்ட் வந்து சொல்கிறார்" என்றேன். அவர் பகடையை எடுத்துக்கொண்டார். ஆட்டம் போயிற்று. மொத்தம் பத்து நொடி.

படமும் புத்தகமும் மண்சரிவை ஒரு திருப்பமாக வைக்கலாம். மலைநாட்டில் ஐந்து அந்நியர்கள் உட்கார்ந்த மேசையில் அது திருப்பம் இல்லை. அதற்கப்புறம் அட்டையை வைப்பதோடு நிறுத்தாமல், ஆரம்பத்திலேயே "இன்றைக்கு இதில் இருட்டு இருக்கும், பழைய அநியாயம் ஒன்று இருக்கும், வேண்டாததைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுகிறேன்.

## ஒன்லைனில் மாறுவது

மேசையில் ஒருவர் பேச வாயெடுப்பது கண்ணில் படும். ஒன்லைனில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், இரண்டு பேரும் நிறுத்துவார்கள், பிறகு நீளமான மௌனம். இதற்கு ஒரே மருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது. "மருத்துவிச்சி, நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அடுத்து மாஸ்டரிடம் வருகிறேன், யோசித்து வையுங்கள்." வகுப்பு மாதிரி இருக்கிறதே என்று முதலில் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை. இப்படிச் செய்தாலும் மேசையை விட மெதுவாகத்தான் போகும். நான் ஆறு காட்சியை நான்காகக் குறைத்து, நான்கு ஆட்டக்காரரோடு மூன்று மணி நேரத்தில் நிறுத்துகிறேன்.

மெய்நிகர் மேசை என்று ஒன்று உண்டு. வரைபடம், பகடை, பாத்திரத் தாள் எல்லாவற்றையும் எல்லோருடைய திரையிலும் ஒன்றாகக் காட்டும் மென்பொருள். ரோல்20 உலாவியிலேயே திறக்கும், இலவசமாக ஆரம்பிக்கலாம். ஃபவுண்ட்ரியை நடத்துநர் ஒருவர் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் போதும். இரண்டும் நல்லவைதான். ஆனால் தோட்டத்தில் இருந்து போனில் ஆடும் ஒருவர் இருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். குரல் அழைப்பு, வட்சப்பில் கையால் வரைந்த பெட்டியின் படம் ஒன்று, அவ்வளவு போதும். வரைபடத்தை ஏற்றி இறக்கியே ஒரு மணி நேரத்தைக் கரைத்த ஆட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மழை வந்தால் சிக்னல் போகும், கரண்டும் போகலாம். போவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்து வையுங்கள். எங்கள் கோச்சியில் லைன் போனவருடைய பாத்திரம் சீட்டில் சாய்ந்து தூங்கிவிடும். திரும்பி வந்தால் விழித்துக்கொள்ளும். யாரும் காத்திருக்க வேண்டாம், வந்தவருக்கும் சங்கடம் இல்லை.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்களோடு ஆடுவதென்றால் நேரத்தைக் கவனியுங்கள். ஹட்டனில் இரவு 7.30 என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பகல் 2 மணி, டொரன்டோவில் காலை 9. நம் கடிகாரம் மாறாது, அவர்களுடையது மாறும். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும், டொரன்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடையில் விழும் வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ வந்து நிற்பார்.

ஒன்லைனில் ஒரு லாபமும் இருக்கிறது. கிழவி யாருடைய காதில் மட்டும் உண்மையைச் சொன்னாள் என்பதை அந்த ஒருவருக்கு மட்டும் மெசேஜ் அனுப்பலாம். மண்டபத்தில் இதையே துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள்.

## இறக்கிவிடுவது

நான்கு மணி நேர ஆட்டத்தில் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு என் போனில் அலாரம் அடிக்கும். அதற்குப் பிறகு புது ஆள் வரமாட்டார், புது ரகசியம் இருக்காது. கடிகாரத்தில் எத்தனை துண்டு வெள்ளையாக இருந்தாலும் கோச்சி கூவிவிடும், பாதை சரியாகிவிட்டது என்று கார்ட் வந்து சொல்வார். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் கேட்பேன்: "ஹப்புத்தளை வருகிறது. கிழவி எழுந்து நிற்கிறாள். என்ன செய்கிறீர்கள்?" ஒவ்வொருவருக்கும் கடைசியாக ஒரு வாய்ப்பு, ஒரு உருட்டல். போன தடவை புடவை வியாபாரி பெட்டியை விட்டுவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கிழவியின் சேலை முந்தானையில் முடிந்துவிட்டான். நான் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் அது எனக்கு வந்திருக்காது.

அலாரம் ஆட்டத்துக்காக மட்டும் இல்லை. டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்பு லூடோ பகடைகளை எண்ணி டின்னில் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அப்பாயி கேட்பார்.